ஐப்பசியில் காயாத வெள்ளை

காய்ந்தால் கல்லாகிற ஐசிங் எது என்று கேட்டால், கேக் வகுப்பு எடுக்கும் எவரும் யோசிக்காமல் ‘ராயல் ஐசிங்’ என்று சொல்லிவிடுவார். சரியான பதில்தான். அதை நம்பி ஓர் ஐப்பசியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் சென்னை வீட்டில், பிறந்தநாள் கேக் ஒன்றுக்காக 12 வண்ணத்துப்பூச்சிகளுக்கு இறக்கை ஊற்றி வைத்தேன். மூன்றாம் நாள் காலை தொட்டுப் பார்த்தால் மேலே ஆடை கட்டியிருக்கிறது. உள்ளே கெட்டித் தயிர். பட்டர் பேப்பரிலிருந்து உரிக்கப் போனதும் இறக்கையில் பாதி தாளோடு தங்கிவிட்டது. முட்டை, சர்க்கரை, அளவு, அடித்த நேரம் எல்லாம் புத்தகப்படி. புத்தகம் எழுதியவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே வேறு காற்று வீசியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்த ஐசிங்குகளை எடைபோடும் முறையை மாற்றிக்கொண்டேன். எது அதிகக் கடினமாகக் காய்கிறது என்பது விற்பவர்களுக்கு வசதியான கேள்வி. நான் கேட்பவை வேறு. நம் காற்றில் அது காயுமா? காய்ந்த பிறகு கேக்கின் மேல் உட்கார்ந்து, மண்டபத்தில் மெழுகுவர்த்தி ஊதி முடியும்வரை அப்படியே நிற்குமா? நின்றதை ஒரு குழந்தை வாயில் போட்டால் பல் தாங்குமா? அந்த வீட்டுப் பாட்டி அதைத் தொடுவாரா? இந்த நான்கில் ஒன்றில் தோற்றாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எனக்குத் தோற்றதுதான்.

களத்தில் இருப்பவை நான்கு. முட்டை வெள்ளையும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்த ராயல் ஐசிங். சர்க்கரையில் பிசின் சேர்த்து மாவு போலப் பிசைந்த கம் பேஸ்ட். ஜெலட்டினால் இறுகும் பாஸ்டியாஜ். ‘இதுவும் காயும் மேடம்’ என்று கடைக்காரர் கையில் திணிக்கிற ஃபாண்டன்ட்.

கடைசி இரண்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபாண்டன்ட் என்பது கேக்குக்குப் போர்த்தும் போர்வை. கத்தி இறங்க வேண்டும், வெட்டும்போது நொறுங்கக் கூடாது என்பதற்காகவே அதில் குளுக்கோஸ் பாகும் கிளிசரினும் சேர்க்கிறார்கள். மென்மையாக இருப்பதற்கென்றே செய்த ஒன்றிடம் விறைப்பாக நிற்கச் சொல்வது நியாயமில்லை. அதில் செய்த பொம்மைக்குக் காலையில் கழுத்து இருக்கும், மாலையில் இருக்காது. பாஸ்டியாஜ் நேர் எதிர். சில மணி நேரத்தில் காய்ந்து சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிடும். பிரெஞ்சு சமையல் மேதை அந்தோனென் கரேம் மேசை மேல் கட்டிய சர்க்கரை மண்டபங்களும் கோயில்களும் இந்த மரபைச் சேர்ந்தவை. காய்கிற வேகத்தில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் தின்னலாம் என்பது பெயருக்குத்தான். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் இருக்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. முட்டை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜெலட்டின் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் சொல்லாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் வெளியே.

இனி காற்று. இதில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும், ஏனென்றால் என் தீர்ப்பின் பாதி இங்கே இருக்கிறது.

சர்க்கரைக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் சுமார் 85 விழுக்காட்டைத் தாண்டினால், உலர்ந்த சர்க்கரை காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இதே கோட்டை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சர்க்கரை கரைந்து செறிந்த பாகிலிருந்து நீர் வெளியேற வேண்டுமானால் காற்று அந்த 85க்குக் கீழே இருந்தாக வேண்டும். எவ்வளவு கீழே என்பதைப் பொறுத்துத்தான் காயும் வேகம். ஏசி அறையில் ஈரப்பதம் 50 என்றால் இடைவெளி 35. அடைமழை நாளில் சாதாரண அறையில் 80 என்றால் இடைவெளி வெறும் 5. நீரை வெளியே தள்ளுகிற விசை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரு நாளில் காய வேண்டியது ஒரு வாரம் கேட்கும். விடியற்காலையில் ஈரப்பதம் 85ஐயும் தாண்டிவிட்டால், பகலெல்லாம் காய்ந்தது இரவில் மீண்டும் பிசுபிசுக்கும். என் வண்ணத்துப்பூச்சிகள் மூன்று நாளும் இந்த ஊஞ்சலில்தான் ஆடியிருக்கின்றன.

இது வெறும் சீனியின் கணக்கு. குளுக்கோஸுக்கு அந்தக் கோடு 74 பக்கம்; பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு 62 பக்கம். இரண்டு சர்க்கரைகளைக் கலந்தால் கோடு இரண்டையும்விடக் கீழே இறங்கிவிடும். கிளிசரினோ, காற்றில் ஈரம் எங்கே என்று தேடிப் போகிற பொருள். ஆகவே ‘பளபளப்புக்கு ஒரு தேக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ்’, ‘உடையாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின்’ என்று செய்முறையில் வரும்போதெல்லாம், நம் ஊர்க் காற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம் என்று பொருள்.

இங்கிலாந்தில் அந்தக் கிளிசரினுக்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே கேக் முழுவதையும் ராயல் ஐசிங்கால் பூசுவார்கள். பூச்சு கல்லானால் கத்தி இறங்காது. அதனால் 450 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி அளவில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். அந்த அளவு பூச்சுக்கு மட்டுமே. அடுக்குக் கேக்கில் மேலடுக்கின் பாரத்தைத் தாங்க வேண்டிய கீழடுக்குக்குக்கூடச் சேர்க்க மாட்டார்கள். பூவுக்கும் லேஸுக்கும் பேச்சே இல்லை. செய்முறை கை மாறிக் கை மாறி நம்மிடம் வந்தபோது பூச்சும் பூவும் ஒரே பாத்திரத்தில் விழுந்துவிட்டன. இன்று சுற்றிவருகிற ராயல் ஐசிங் குறிப்புகளின் மீது எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு இதுதான்.

முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நம் கடற்கரைக்குப் புதியவை அல்ல. தூத்துக்குடி மக்ரூன் வேறென்ன? அடித்த வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. கடலோரம் இருந்துகொண்டு அந்த ஊர் இதில் பேர் எடுத்ததற்குக் காரணம், அதை ஒருபோதும் காற்றில் காய விடவில்லை. அடுப்பின் மெல்லிய சூட்டில் நிதானமாக உலர்த்தி, ஆறியதும் காற்றுப் புகாமல் கட்டிவிடுவார்கள். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் அந்த நொறுக்கு போய்விடும் என்பது வாங்கித் தின்ற எல்லோருக்கும் தெரியும். அதே பொருளை அதே ஈரக்காற்றில் தட்டில் பரப்பிவிட்டு, ‘24 மணி நேரம் காய விடவும்’ என்ற வரியை நம்பிக் காத்திருந்தவள் நான்.

இத்தனை பலவீனம் இருந்தும் ராயல் ஐசிங்கை ஏன் தள்ளவில்லை? அதன் கோடு அப்படி. ஒன்றாம் எண் நாஸிலில் இழுத்த கோடு தலைமயிர் போல நிற்கும்; ஒரு முனையை ஒட்டி, கையைத் தூக்கி, நூல் போலத் தொங்கவிட்டு மறுமுனையை ஒட்டினால் அந்த வளைவு அப்படியே உறைந்துவிடும். வேறு எந்த ஐசிங்கும் இதைச் செய்யாது. பட்டர்கிரீமில் முயன்றால் நூல் அறுந்து விழும், கம் பேஸ்ட்டில் அந்த நேர்த்தி வராது. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர், ஒரு பங்கு புரதம். அடிக்க அடிக்கப் புரதச் சுருள்கள் பிரிந்து ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. நீர் போனதும் அந்த வலைக்குள் சர்க்கரைப் படிகங்கள் செங்கல் போல அடுக்கிக்கொள்கின்றன. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு மர அச்சில் பாகு ஊற்றிச் செய்கிற சக்கரெ அச்சு பொம்மைகளும் சர்க்கரைதான், கடினம்தான். ஆனால் அவை வெறும் படிகம். தடித்த யானையும் தேரும் வரும், நூல் வராது. நூலைத் தாங்குவது புரதம்.

ஆகவே ராயல் ஐசிங்கில் சர்க்கரையைவிட முக்கியமான தேர்வு, புரதம் எங்கிருந்து வருகிறது என்பது.

பச்சை முட்டை முதலில். ஒரு முட்டையின் வெள்ளை சுமார் 30 கிராம். அதற்கு 200 கிராம் ஐசிங் சுகர் என்று தொடங்கிப் பதம் பார்த்துச் சேர்க்கலாம். பழைய கைகள் எல்லாம் இதில்தான் பழகின. எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் நுரை உறுதிப்படும். ஆனால் இது கடைசிவரை வேகாத முட்டை. சால்மொனெல்லா என்ற ஆபத்து சின்னதாக இருக்கலாம். பிறந்தநாள் விழாவில் சாப்பிடப் போகிறவர்கள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கிற கேக்கில் பச்சை முட்டையை நான் ஆதரிக்க மாட்டேன். எலுமிச்சை மறைக்கப் பார்க்கிற அந்த வாடையும் உண்டு. நம் மூக்கு அதற்கு ஏமாறாது.

அல்புமின் பவுடர் என்பது வெள்ளைக்கருவைக் கிருமி நீக்கி உலர்த்திய தூள். 5 கிராமை 30 மில்லி நீரில் கரைத்தால் ஒரு வெள்ளைக்கரு கைக்கு வந்துவிடும். உடனே கரையாது, கட்டி கட்டும். ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். வடிகட்டியபின் கிடைப்பது தூய புரதக் கரைசல், வேறு எதுவும் இல்லை. நூல் வேலைக்கும் லேஸுக்கும் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் கையாண்டதில்லை. நீரின் அளவு நம் கையில் இருப்பது இன்னொரு லாபம். மழை நாளில் 30க்குப் பதில் 25 மில்லி ஊற்றினால் காய வேண்டிய நீர் முதலிலேயே குறைந்துவிடுகிறது. முட்டையிடம் அப்படிக் கேட்க முடியாது.

மெரிங் பவுடர் வகுப்புகளின் செல்லப்பிள்ளை. 450 கிராம் ஐசிங் சுகருக்கு மூன்று மேசைக்கரண்டி, ஐந்தாறு மேசைக்கரண்டி தண்ணீர், குறைந்த வேகத்தில் 7 முதல் 10 நிமிடம் அடித்தால் முடிந்தது. தவறவே தவறாது. ஏன் தவறாது என்றால் அதில் உலர்ந்த வெள்ளைக்கருவோடு சர்க்கரை, ஸ்டார்ச், பிசின், புளிப்பு எல்லாம் முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பட்டியலில் முதலில் சர்க்கரையோ ஸ்டார்ச்சோ இருந்தால், முட்டையின் விலைக்குச் சர்க்கரையும் மாவும் வாங்குகிறீர்கள். காய்ந்தபின் கடிக்கக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். குக்கீ மேல் ஊற்றுவதற்கு அது நல்ல குணம், நூலுக்கு அல்ல. பழகுபவர்களுக்கு இது போதும். பழகியபின்னும் இதிலேயே இருப்பவர்களைப் பார்த்தால், மூன்று சக்கர சைக்கிளை விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிற குழந்தை நினைவுக்கு வரும்.

பிறகு நம் ஊரின் தலையாய கேள்வி: எக்லெஸ். கொண்டைக்கடலை வேகவைத்த நீர் நுரைக்கும் என்று 2014இல் கண்டு சொன்னவர் ழோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த ஆண்டு அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வந்தது. சுண்டல் வேகவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கீழே கொட்டிய நீர்தான். அதைச் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்து அடித்தால் ராயல் ஐசிங் வருகிறது, சந்தேகமே இல்லை. என் கையில் அது முட்டையைவிட மெதுவாகக் காய்கிறது, காய்ந்தபின் சீக்கிரம் உடைகிறது. ஓரங்களுக்கும் புள்ளிகளுக்கும் எழுத்துக்கும் போதும். தனியே எடுத்து நிறுத்தும் லேஸுக்கு அதை நம்பமாட்டேன். அதற்காக முட்டை இல்லாமல் நுண்வேலை நடக்காது என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குக் கேக் அலங்கரித்த எடி ஸ்பென்ஸிடம் பயின்ற புனேக்காரர் பிராச்சி தபல் தேப், முட்டையே இல்லாத ராயல் ஐசிங்கில் மாளிகை மாளிகையாகக் கட்டியிருக்கிறார். அது கடலை நீரால் ஆனதல்ல, அதற்கென்றே வடிவமைத்த கலவை. எக்லெஸ் லேஸ் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அப்படிப்பட்ட கலவையை வாங்குங்கள், சுண்டல் சட்டியைப் பார்க்காதீர்கள்.

சர்க்கரை பற்றி ஒரே ஒரு சொல். மிக்ஸியில் அரைத்த சீனி வேண்டாம். எவ்வளவு சலித்தாலும் ஒரு பரல் தப்பிவந்து ஒன்றாம் எண் நாஸிலின் வாயில் உட்கார்ந்துகொள்ளும், அதுவும் சரியாகக் கடைசி எழுத்தின்போது.

அடிப்பதில் அவசரப்படுகிறவர்கள் அதிகம். வேகமாக அடித்தால் வெண்மையும் கனமும் சட்டென்று வந்து கண்ணுக்கு நிறைவாக இருக்கும். உள்ளே காற்றுக் குமிழ்தான் நிறைந்திருக்கும். காய்ந்தபின் அது ரொட்டித் துண்டு போல உதிரும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் பாத்திரம் எத்தனை முறை தேய்த்தாலும் பிசுக்கை விடாது, எவர்சில்வரே நல்லது. நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜெல் கலர்களில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். அடர் சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்று அரை பாட்டில் ஊற்றினால், கதவு வழியே விரட்டிய கிளிசரினைச் சன்னல் வழியே அழைத்ததாகிவிடும். அடர் நிறங்களுக்குத் தூள் கலர் தேவலை. வெள்ளை மஞ்சளடித்தால் ஊதா ஃபுட் கலரில் ஊசிமுனை அளவு. வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டுப் பழகிய வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

பெயரைப் பற்றி ஒரு கதை எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள்: 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக்கில் பூசியதால் ராயல் ஆயிற்று என்று. அந்தக் கேக் 300 பவுண்டு எடை என்பது உண்மை. ஆனால் 1770இலேயே பொரெல்லா என்பவரின் இனிப்புச் சமையல் நூலில் அந்தப் பெயர் வந்துவிட்டது. அரசியின் கல்யாணம் பெயரை உலகெங்கும் கொண்டுபோயிருக்கலாம், வைக்கவில்லை. கதையைவிட எனக்குச் சுவையானது அந்தக் கேக்கின் உடம்பு. நாள்பட வைக்கும் கனத்த பழக்கேக், அதன்மேல் பாதாம் மார்சிபன் போர்வை, அதற்கும் மேல்தான் ஐசிங். கேக்கின் ஈரமும் எண்ணெயும் ஐசிங்கைத் தொடாமல் நடுவில் ஒரு சுவர். ராயல் ஐசிங் வளர்ந்தது அந்த உலர்ந்த மடியில்.

இலங்கையில் அந்த மரபு இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்கு ரிச் கேக், பாதாமுக்குப் பதிலாகப் பெரும்பாலும் முந்திரியில் செய்த மார்சிபன். மேடையில் நிற்கிற அடுக்குக் கோபுரம் பல கல்யாணங்களில் வெறும் தெர்மோகோல் கூடு. அதன்மேல்தான் ராயல் ஐசிங் வேலை முழுவதும். விருந்தாளிகளின் கைக்கு வருவது சின்னப் பெட்டியில் வைத்த கேக் துண்டு. இதன் தலைகீழ்க் கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், பிரிட்டனில் கேக்குக்கு ஐசிங் போடுவதையே தடை செய்தார்கள். அப்போது கல்யாணங்களில் அட்டையும் பாரிஸ் சாந்தும் கொண்டு செய்த வெள்ளைக் கூட்டை வாடகைக்கு எடுத்துக் கேக்கை மூடினார்கள். அங்கே மெய்க் கேக்கின் மேல் பொய் ஐசிங். கொழும்பில் பொய்க் கேக்கின் மேல் மெய் ஐசிங். சிரிக்கலாம். ஆனால் பொருளறிவோடு பார்த்தால் கொழும்புக்காரர்கள் புத்திசாலிகள். தெர்மோகோலில் ஈரமும் இல்லை, கொழுப்பும் இல்லை. அந்த ஐசிங் பல வருடம் நிற்கும்.

நாமோ அதே ஐசிங்கை விப்பிங் கிரீம் கேக்கின் தலையில் வைக்கிறோம். இதுதான் தமிழ்நாட்டுக் கேக்கின் மையச் சிக்கல், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரீமின் ஈரம் கீழிருந்து ஏறும். போதாததற்கு அந்தக் கேக் ஃபிரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும். 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளின் மேலும் நீர் முத்து முத்தாகப் படியும். 4 டிகிரியிலிருந்து வெளியே வரும் கேக் வியர்த்துக் கொட்டும். பத்து நாள் பாடுபட்டுக் காயவைத்த பூ, மண்டபத்து மேசையில் பத்தே நிமிடத்தில் கண்ணீர் விடும். ஐசிங் சரியில்லை என்று அப்போது திட்டுவார்கள். ஐசிங் என்ன செய்யும்?

இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு. அலங்காரத்தைத் தனிப் பெட்டியில் எடுத்துப்போய், கேக்கின் வியர்வை அடங்கியபின், வெட்டுவதற்குச் சற்று முன் வைக்க வேண்டும். வைக்கும் முன் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லப் பூசி இறுகவிட வேண்டும். மார்சிபன் செய்த வேலையைச் சாக்லேட் செய்யும். முதல் நாளே கிரீமில் குத்தி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைப்பவர்கள் ராயல் ஐசிங் பக்கமே வர வேண்டாம்.

கம் பேஸ்ட்டுக்கு வருகிறேன். இதன் உயிர், பிசின். பழைய காலத்தில் ஈரான், துருக்கிப் பக்கத்து அஸ்ட்ரகாலஸ் செடிகளிலிருந்து எடுத்த டிராககாந்த் பிசின். பிசைந்து ஓர் இரவு வைத்தால்தான் வசப்படும். இப்போது சி.எம்.சி. என்கிற செல்லுலோஸ் தூள். டைலோஸ் என்று கடையில் கேட்டாலும் அதுவே கிடைக்கும், சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். இந்த மாவைத் தேய்த்தால் அடியில் இருக்கும் செய்தித்தாள் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிதாகும், கிழியாது. ஈரக்காற்றில் இதன் பலமே அந்த மெலிவுதான். உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டிய தூரம் பாதியானால் காயும் நேரம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஊற்றிய இறக்கை இரண்டு மில்லிமீட்டர் என்றால் தேய்த்த இறக்கை அரை மில்லிமீட்டர். என் வண்ணத்துப்பூச்சிகளில் நான் செய்த இரண்டாவது தவறு இங்கே தெரிகிறது: காற்றைப் பார்க்காமல் விட்டது போதாதென்று, தேய்க்க வேண்டியதை ஊற்றியிருக்கிறேன்.

ஆனால் நம் வகுப்புகளில் கற்றுத்தருகிற கம் பேஸ்ட்டை நான் ஏற்கவில்லை. கால் கிலோ ஃபாண்டன்ட்டில் ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. போட்டுப் பிசைந்தால் கம் பேஸ்ட் ஆயிற்று என்கிறார்கள். எளிது, மறுப்பதற்கில்லை. சித்திரையில் ஏசி அறையில் அழகாகக்கூடக் காயும். ஃபாண்டன்ட்டில் இருந்த குளுக்கோஸும் கிளிசரினும் எங்கே போகும்? உள்ளேயே உட்கார்ந்து மழைக்குக் காத்திருக்கும். கார்த்திகையில் ரோஜா இதழ் தலைகுனிவதற்குச் சி.எம்.சி. குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போடுகிறார்கள். மாவு வறண்டு விளிம்பில் வெடிக்கிறதே தவிர, குனிவது நிற்பதில்லை. அல்புமின் கரைசல், ஐசிங் சுகர், சி.எம்.சி., கையில் ஒட்டாமலிருக்கத் துளி வனஸ்பதி என்று அடியிலிருந்து பிசைந்தால் கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். அதில் செய்த இதழ் மழையிலும் மானம் காக்கும். முட்டை கூடாதென்றால் அல்புமினுக்குப் பதில் வெந்நீர், சி.எம்.சி. சற்றுக் கூடுதல், வலு கொஞ்சம் குறையும், இதழுக்குப் போதும்.

கடித்துப் பார்க்கும் சோதனையில் கம் பேஸ்ட் ராயல் ஐசிங்கைவிடப் பின்தங்குகிறது. ராயல் ஐசிங் நொறுங்கி நாக்கில் கரையும், வெறும் இனிப்பாக இருந்தாலும் அதில் ஒரு குழந்தைத்தனமான இன்பம் உண்டு. கம் பேஸ்ட் முதலில் ஓடு, பிறகு சவ்வு. மெல்லிய இதழானால் மன்னிக்கலாம். தடித்த பொம்மையானால் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பூவுக்குக் கம்பி வைத்தால் அதைத் தின்னும் பொருளாகவே கணக்கில் வைக்கக் கூடாது; அந்தக் கம்பி நேரடியாகக் கேக்கில் இறங்கவும் கூடாது.

காயவைக்கும் வழி பற்றி: பழைய நூல்களில் மேசை விளக்கின் கீழ் வைக்கச் சொல்வார்கள், ஊற்றிய துண்டுகளுக்கு அந்தச் சூட்டில் ஒரு பளபளப்பும் வரும். குண்டு பல்பு இருந்தவரை நல்ல யோசனை. எல்.இ.டி. வெளிச்சம் தருகிறது, சூடு தருவதில்லை. அதன் கீழ் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சூட்டின் கணக்கு எளிது. 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமுள்ள அதே காற்றை 45 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 33 பக்கம் இறங்கிவிடும். பழம் உலர்த்தும் சிறு டிஹைட்ரேட்டர் இருந்தால் இதுவே போதும். ஓ.டி.ஜி. அடுப்பு பெரும்பாலும் இவ்வளவு தாழ்ந்த சூட்டில் நிற்காது, வெள்ளை பழுப்பாகிவிடும். எதுவும் இல்லையென்றால் கதவடைத்த ஏசி அறையும் ஒரு மேசை விசிறியும். காய்ந்ததை அட்டைப் பெட்டியில் பஞ்சு விரித்து, கூடவே சிலிக்கா ஜெல் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அலமாரியின் காலடியில் எறும்புக்கு ஒரு ஏற்பாடு செய்யாமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு முறை பெட்டியைத் திறந்தபோது என் மல்லிகைகள் நடந்துகொண்டிருந்தன.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கோடு, நூல், லேஸ், எழுத்து, நாஸிலில் நேரடியாக விழும் சின்னப் பூ, இவற்றுக்கு அல்புமின் பவுடரில் அடித்த, கிளிசரினும் குளுக்கோஸும் தொடாத ராயல் ஐசிங். அதற்கு இணை இல்லை. இதழ், இறக்கை, இலை, தனியாக எழுந்து நிற்க வேண்டிய எதுவும் அடியிலிருந்து பிசைந்த கம் பேஸ்ட்டில். ஊற்றி நிரப்பும் பெரிய துண்டுகளைக் கடலோரத்தில் புரட்டாசி முடிந்ததும் நிறுத்திவிடுவேன். என் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இப்போது இறக்கை கம் பேஸ்ட், அதன் மேல் ஓடும் நரம்பு மட்டும் ராயல் ஐசிங். ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது.

கார்த்திகையில் யாராவது கிரீம் கேக்கின் மேல் வெள்ளை லேஸ் வேண்டும், காலையிலேயே டெலிவரி வேண்டும் என்று போன் செய்தால் நான் முன்பணம் வாங்குவதில்லை. லேஸ் தனிப் பெட்டியில் வரும், மண்டபத்தில் நானே வந்து வைக்கிறேன், சம்மதமா என்று கேட்கிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.